பலூனில் காற்றைக் கூட்டினால் வண்டி அதிக எடை தாங்குமா?

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஏர் சஸ்பென்ஷனில், அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை எடையைத் தாங்கும் அமைப்பில், காற்று இல்லாதபோது கையால் அமுக்கினாலே உள்ளே போகிற ஒரு ரப்பர் பை, லோடு ஏற்றிய லாரியின் அச்சை எப்படித் தாங்குகிறது என்பது ஒன்று. லெவலிங் வால்வின் (வண்டியின் உயரத்துக்கு ஏற்பப் பைக்குள் காற்றை ஏற்றி இறக்கும் வால்வு) கம்பியைக் கொஞ்சம் மாற்றிக் கட்டி, பைக்குள் காற்றைக் கூட்டிவிட்டால் வண்டி இறுகி இன்னும் இரண்டு டன் தாங்குமா என்பது இன்னொன்று. பின்சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதாகவும் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன். கனரக வண்டிகளின் சஸ்பென்ஷன் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் எனக்குப் படுவது, உங்கள் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. பைக்குள் இருக்கும் அழுத்தத்தை முடிவு செய்வது யார்? கம்ப்ரசரும் இல்லை, வால்வும் இல்லை, நீங்களும் இல்லை. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எடைதான் முடிவு செய்கிறது. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

முதலில் பையைப் பார்ப்போம். ஏர் பெல்லோ, பலூன், ஏர் பேக் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் சொல்கிறார்கள். வெறும் ரப்பர் என்று நினைக்க வேண்டாம். ரப்பருக்குள் நைலான் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கடுக்காக ஓடுகின்றன. டயர் செய்கிற அதே யோசனை. அழுத்தத்தைத் தாங்குவது இழை, காற்றை வெளியே விடாமல் பிடிப்பது ரப்பர். மேலே ஒரு இரும்புத் தட்டு, அதன் விளிம்பில் பை இறுக மடித்துப் பிடிக்கப்பட்டிருக்கும். கீழே பிஸ்டன் என்று சொல்லப்படும் குவளை போன்ற ஒரு துண்டு. உள்ளே ஒரு ரப்பர் கட்டை இருக்கும். காற்று முழுக்கப் போய்விட்டால் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், அதன் மேல்தான் உட்காரும். இன்றைய லாரி, பேருந்துகளில் அதிகம் இருப்பது பிஸ்டன் மேல் பை உருண்டு இறங்கும் வகை. சட்டைக் கையை உள்பக்கமாக மடித்துவிட்டால் மடிப்பு மேலும் கீழும் நகர்வது போல, வண்டி ஆடும்போது பையின் மடிப்பு பிஸ்டன் சுவரில் ஏறி இறங்குகிறது. இரண்டு மூன்று வளையமாக, அடுக்கி வைத்த டயர்கள் போலத் தெரியும் பழைய வகை லிஃப்ட் ஆக்ஸில் (தேவையில்லாதபோது தரையிலிருந்து தூக்கி வைக்கும் அச்சு) போன்ற இடங்களில் இன்னும் இருக்கிறது.

இப்போது கணக்கு. பை தாங்கும் எடை என்பது உள் அழுத்தத்தை அதன் பயனுள்ள பரப்பால் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். பயனுள்ள பரப்பு என்றதும் பையின் வெளி விட்டத்தை அளந்துவிடாதீர்கள். உருண்டு திரும்பும் மடிப்பின் ஆக அடிப்பகுதி எங்கே இருக்கிறதோ, அந்த வட்டத்தின் பரப்புதான் கணக்கில் வரும். ஏனென்றால் அந்த இடத்தில் பையின் சுவர் படுக்கையாக இருக்கிறது, மேல் நோக்கி எதையும் இழுப்பதில்லை. அந்த வட்டம் 25 செ.மீ. விட்டம் என்று வையுங்கள். பரப்பு ஏறக்குறைய 490 சதுர செ.மீ., வசதிக்கு 500 என்று எடுத்துக்கொள்வோம். ஒரு பார் அழுத்தம் என்பது ஒரு சதுர செ.மீ.க்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஆக 5 பாரில் ஒரு பை 2,500 கிலோவைத் தூக்கி நிற்கிறது. ஒரு அச்சுக்கு நான்கு பை என்றால் 10 டன். லாரி டயருக்கு அடிக்கும் காற்றைவிடக் குறைவான அழுத்தம் இது. பரப்பு பெரிதாக இருப்பதுதான் சூட்சுமம்.

அப்படியானால் காற்றைக் கூட்டினால் 6 பார் ஆகும், 3 டன் தாங்கும் என்றுதானே தோன்றும்? எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு ஓட்டுநரும் இதைத்தான் உறுதியாகச் சொன்னார். வாதம் செய்யாமல் பலூனுக்குப் போகும் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு பிரஷர் கேஜை மாட்டினேன். வண்டியில் லோடு இருந்தது. முள் ஐந்தைத் தொட்டு நின்றது. லெவலிங் வால்வின் நெம்புகோலைக் கழற்றி, கையால் மேலே தூக்கிப் பிடித்தேன். உஸ்ஸென்று காற்று ஏறியது. சேஸிஸ் இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை என்று எழும்பியது. ஏறும்போது முள் சற்றே துள்ளியது. நெம்புகோலைப் பழைய இடத்தில் நிறுத்தியதும் முள் திரும்ப ஐந்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டி உயர்ந்திருக்கிறது, உள்ளே காற்று அதிகமாக இருக்கிறது, அழுத்தம் மட்டும் அதே. அவர் குனிந்து கேஜைத் தட்டிப் பார்த்தார். கேஜில் பழுது இல்லை. மேலே இருக்கும் எடை மாறவில்லை, பரப்பு மாறவில்லை, அப்புறம் அழுத்தம் மட்டும் எப்படி மாறும்? நாம் கூடுதலாகத் தள்ளிய காற்று அத்தனையும் உயரமாகிவிட்டது. (பிஸ்டனின் சுவர் நேராக இல்லாமல் சரிவாக இருந்தால் உயரத்தோடு பரப்பும் கொஞ்சம் மாறும், முள்ளும் கொஞ்சம் நகரும். அடிப்படை அதனால் மாறாது.)

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு உறுதியான பதில்: தாங்காது. கம்பியை மாற்றிக் கட்டினால் கிடைப்பது உயரம் மட்டுமே. அந்த உயரம் இலவசமாகவும் வராது. பின்பக்கம் எழும்பினால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வரும், யுனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே பாதி நீண்ட நிலையில் இருப்பதால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது நீள்வதற்கு இடமில்லாமல் முட்டும். சேஸிஸின் வலிமை, அச்சின் வலிமை, டயர், பிரேக் எதுவும் ஒரு கிலோகூடக் கூடவில்லை.

சரி, பட்டை ஸ்பிரிங்கைவிட இதில் என்ன உசத்தி? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இரும்புப் பட்டையின் இறுக்கத்தை லோடு ஏற்றிய நிலைக்காகவே முடிவு செய்கிறார்கள். வண்டி காலியானாலும் அந்த இறுக்கம் அப்படியே இருக்கும், மேலே எடை மட்டும் குறைந்திருக்கும். அதனால்தான் காலி லாரி குதிக்கிறது. ஒரு பக்கத்துக்கு 2,500 கிலோ இருந்தது 750 கிலோவாகக் குறைந்தால், நொடிக்கு 1.7 தடவை ஆடிக்கொண்டிருந்த பட்டை வண்டி 3.1 தடவை ஆடத் தொடங்கும். காற்றில் கதை வேறு. எடை குறைந்தால் வால்வு காற்றை வெளியே விடுகிறது, அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங்கின் இறுக்கமும் குறைகிறது. நாம் எடுத்துக்கொண்ட பையில் காற்றின் உயரம் 25 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: லோடோடு நொடிக்குச் சுமார் 1.3 தடவை, காலியாக 1.5 தடவை. ஏறக்குறைய ஒரே ஆட்டம். முழுக்க ஒன்றாகாததற்குக் காரணம், இறுக்கத்தை நிர்ணயிப்பது கேஜ் காட்டும் அழுத்தம் மட்டும் அல்ல, வெளிக் காற்றின் ஒரு பாரையும் சேர்த்த முழு அழுத்தம். லோடில் 5 என்பது 6 ஆகிறது, காலியில் 1.5 என்பது 2.5 ஆகிறது, காலியில் அந்த ஒரு பாரின் பங்கு பெரிது.

மேட்டில் சக்கரம் ஏறும் அந்த நொடியில் உள்ளே நடப்பதையும் பார்த்துவிடுவோம். வால்வு அப்போது குறுக்கிடுவதில்லை, அதற்கு அவ்வளவு வேகமும் இல்லை. அடைபட்ட காற்று தன்னந்தனியாக வேலை செய்கிறது. பிஸ்டன் 3 செ.மீ. உள்ளே போனால் 25 செ.மீ. காற்று 22 ஆகச் சுருங்குகிறது, சட்டென்று நடப்பதால் காற்று சூடாகிறது, அழுத்தம் 5-லிருந்து 6.2 பார் அளவுக்கு ஏறுகிறது. அதாவது அந்த 3 செ.மீ. கிட்டத்தட்ட 580 கிலோ எதிர்ப்பைக் கொடுத்தது. அடுத்த 3 செ.மீ. அழுத்தினால் 800 கிலோ. முதலில் மெத்தென்று விட்டுக்கொடுத்து, போகப் போகக் கெட்டிப்படும் ஸ்பிரிங் இது. பட்டையில் இதைக் கொண்டுவர அடியில் கூடுதல் பட்டை வைக்க வேண்டும். காற்றுக்கு இது பிறவிக் குணம். ஆளும் சாமானும் ஏறி இறங்கி எடை மாறிக்கொண்டே இருக்கும் வண்டிகளுக்குத்தான் இது முதலில் பொருந்தியது. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கிரேஹவுண்ட் நிறுவனத்துக்காகச் செய்த சீனிக்ரூசர் பேருந்திலேயே ஏர் சஸ்பென்ஷன் இருந்தது.

லெவலிங் வால்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்வு சேஸிஸில் இருக்கும், அதன் நெம்புகோல் ஒரு கம்பி வழியாக அச்சோடு கட்டப்பட்டிருக்கும். லோடு ஏறிச் சேஸிஸ் தாழ்ந்தால் நெம்புகோல் மேலே போகும், காற்று டேங்கிலிருந்து பைக்கு வழி திறக்கும். லோடு இறங்கினால் எதிர்ப்பக்கம் சாய்ந்து காற்று வெளியேறும். நடுவில் சில மில்லிமீட்டர் அளவுக்கு இரண்டு வழியும் மூடிய ஓர் ஓய்வு இடம் உண்டு. வால்வுக்கு எடை தெரியாது, உயரம் மட்டும்தான் தெரியும். அதை அளக்க வேண்டிய இடமும் எண்ணும் ஒவ்வொரு வண்டிக்கும் தயாரிப்பாளர் கொடுத்தது. பக்கத்து வண்டியைப் பார்த்து அளவு வைப்பது தவறு. புதிய வண்டிகளில் இந்த வேலையை சென்சாரும், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வும், கம்ப்யூட்டரும் செய்கின்றன, தத்துவம் அதேதான்.

காற்றுக்கு முடியாத இரண்டு வேலைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைகளில் பார்க்கும் பாதிக் கோளாறு இவற்றை மறப்பதால் வருகிறது. பட்டை எடையைத் தாங்குவதோடு அச்சை இடத்திலும் பிடித்து வைக்கும். பலூனால் அது ஆகாது. பக்கவாட்டில் தள்ளினால் வளைந்துகொடுக்கும். ஆகவே முன்னும் பின்னும் இழுக்கும் விசைக்கு டிரெயிலிங் ஆர்ம் (ஒரு முனை சேஸிஸில் கீலோடு மாட்டி, அச்சைப் பிடித்திருக்கும் கை), டார்க் ராடு, பக்கவாட்டுக்கு ஒரு குறுக்குக் கம்பி அல்லது வி வடிவ ராடு என்று தனி ஏற்பாடு இருக்கும். அதன் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உறை) தேய்ந்தால் அச்சு நகரும், பலூன் கோணலாக உருளும், கடைசியில் பழி பலூன் மேல் விழும். இரண்டாவது, பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் தானாக அடங்கும். காற்றில் அந்த உரசல் இல்லை, ஷாக் அப்சார்பர்தான் எல்லாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 96/53 விதியில் இதை அழகாக எழுதியிருக்கிறார்கள். ஒரு சஸ்பென்ஷன் காற்றுக்கு இணையானது என்று ஏற்க வேண்டுமானால், ஆட்டம் நொடிக்கு 2 தடவைக்கு மேல் போகக் கூடாது. ஆட்டத்தை அடக்கும் திறன் ஓர் ஊசலை முழுக்க நிறுத்தத் தேவையான அளவில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஷாக்கைக் கழற்றிவிட்டால் அந்தத் திறனில் பாதிக்கு மேல் மிஞ்சக் கூடாது. அடக்கும் வேலையில் பெரும்பகுதியை உரசல் செய்யக் கூடாது, ஷாக்தான் செய்ய வேண்டும் என்பதே அந்தக் கடைசி நிபந்தனையின் பொருள். பல வண்டிகளில் ஷாக்குக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: அச்சு எவ்வளவு கீழே தொங்கலாம் என்று எல்லை கட்டுவது. ஷாக்கைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பலூன் அளவுக்கு மீறி இழுபட்டு, மேல் தட்டை விட்டே கிழியும். ஷாக் எண்ணெய் கசிந்த வண்டிக்குப் புது பலூன் மட்டும் மாட்டி அனுப்புவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

உங்கள் வண்டியின் சாய்வுக்கு வருவோம். இங்கே நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியதும் ஊகிப்பதும் வேறு வேறு. முதலில் அந்த அச்சுக்கு எத்தனை லெவலிங் வால்வு என்று பாருங்கள். ஒரே வால்வு இரண்டு பக்கத்துக்கும் காற்று கொடுக்கிறது என்றால், வண்டி நிற்கும்போது இரண்டு பக்க அழுத்தமும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு பலூன் கசிந்தால் இரண்டும் சேர்ந்தே தாழும். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் கசிவைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்; வளைந்த ஆர்ம், தேய்ந்த புஷ், ஒடுங்கிய குழாய், ஒரு பக்கமாக ஏற்றிய லோடு, வேறு அளவுப் பலூன் இவற்றைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தனித்தனி வால்வு என்றால் சாய்ந்த பக்கம் கசிவதற்கு வாய்ப்பு அதிகம். ஆனாலும் பலூனா, குழாய் இணைப்பா, வால்வின் உள் சீலா என்று பார்க்காமல் சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீரைப் பூசிப் பாருங்கள், குமிழி எங்கே வருகிறதோ அங்கே. வால்வின் வெளியேற்றும் துளையிலிருந்து ஓயாமல் காற்று வந்தால் சந்தேகம் வால்வின் மேல்.

இன்னொரு சங்கதி: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு மூலைக்கும் தனி வால்வு பொருத்தியிருந்தால், எந்தப் பழுதும் இல்லாமலே வண்டி கோணலாக நிற்கலாம். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் நிற்கும், நான்கு கால் நாற்காலி தள்ளாடும் அல்லவா? அதே போல நான்கு வால்வும் தங்கள் தங்கள் உயரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, மூலைவிட்டமாக இரண்டு பலூன் அதிகம் சுமக்க, மற்ற இரண்டும் தளர்ந்துபோகும். அதனால்தான் பெரும்பாலான பேருந்துகளில் ஒரு அச்சுக்கு ஒன்று, இன்னொரு அச்சுக்கு இரண்டு என்று மூன்றே வால்வு வைக்கிறார்கள். யாராவது உங்கள் வண்டியில் பிறகு ஒரு வால்வு சேர்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

இரவு நிறுத்தி காலையில் பார்த்தால் வண்டி சற்றுத் தாழ்ந்திருப்பது எப்போதும் கசிவு என்று அர்த்தமில்லை. 40 டிகிரியில் நின்ற வண்டி விடியலில் 10 டிகிரிக்கு வந்தால், அதே எடையின் கீழ் காற்று கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 25 செ.மீ. காற்றில் அது 2 செ.மீ.க்கு மேல். டேங்கில் அழுத்தம் இருந்தால் வால்வு அதைத் தானே நிரப்பிவிடும், டேங்கும் இறங்கியிருந்தால் வண்டி தாழ்ந்தே நிற்கும். இரண்டு மணி நேரத்தில் ரப்பர் கட்டையில் போய் உட்கார்ந்துவிட்டது என்றால் மட்டும் அது குளிர் இல்லை, கசிவுதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி உடனே எழும்பவில்லை என்று பதற வேண்டாம். பிரேக்குக்கான டேங்கில் போதுமான அழுத்தம் சேர்ந்த பிறகே சஸ்பென்ஷனுக்கு வழிவிடும் பாதுகாப்பு வால்வு ஒன்று நடுவில் இருக்கிறது. பலூன் வெடித்தாலும் பிரேக் காற்று முழுக்கப் போய்விடாமல் காப்பதும் அதுதான். அதைக் கழற்றி நேர்க்குழாய் போட்ட வண்டியை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

பலூன் பெரும்பாலும் தானாக வயதாகிச் சாவதில்லை. பொடிக்கல்லும் மணலும் மடிப்புக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிக்கி, ஒவ்வொரு ஆட்டத்திலும் அரம் போல ராவுகின்றன. விரலை மடிப்பின் அடியில் விட்டுத் தடவினால், வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் நூல் நூலாகத் தட்டுப்படும். இழை வெளியே வந்துவிட்டது என்றால் மாற்ற வேண்டிய நேரம். வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே ஆயுள் கூடும். சோப்புத் தண்ணீர் போதும். டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் ரப்பரைத் தொடக் கூடாது. பக்கத்தில் வெல்டிங் என்றால் ஈரச் சாக்கைப் போர்த்திவிடுங்கள்.

கேஜை நிரந்தரமாகவே மாட்டிக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. அழுத்தம் எடையைச் சொல்லும் என்பதால் அது ஒரு தராசு. ஆனால் ஓர் எச்சரிக்கை: டிரெயிலிங் ஆர்ம் வகையில் அச்சின் எடை முழுவதும் பலூனுக்கு வருவதில்லை. ஆர்மின் கீலிலிருந்து அச்சு 50 செ.மீ., அச்சிலிருந்து பலூன் 38 செ.மீ. என்றால் பலூன் சுமப்பது 57 சதவீதம்தான், மீதி கீலுக்குப் போகிறது. அதனால் நான் மேலே கொடுத்த எண்களை உங்கள் வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காலியாக ஒருமுறை, முழு லோடில் ஒருமுறை எடை மேடையில் அந்த அச்சை மட்டும் ஏற்றி, இரண்டு அழுத்தத்தையும் குறித்து வையுங்கள். நடுவில் உள்ளவை ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் வரும். முழு லோடுக்கான கோட்டை முள் தாண்டினால் வண்டி அளவுக்கு மேல் சுமக்கிறது என்று அர்த்தம்.

இவற்றில் எதைச் சோதிக்க வண்டிக்கு அடியில் போனாலும், முதலில் சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கி போதாது. பலூன் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையும் போதாது. நெம்புகோல் தெரியாமல் கைபட்டு இறங்கினால்கூடச் சேஸிஸ் சில நொடிகளில் தாழ்ந்துவிடும், டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே தலை இருந்தால் இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. குழாயைக் கழற்றுவதானால் காற்றை முழுக்க இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். கழற்றிய பலூனைச் சோதிக்கத் தரையில் வைத்துக் காற்றடிக்காதீர்கள். மேலும் கீழும் பிடிப்பு இல்லாத பலூன் பிஸ்டனைக் கல் போல எறியும். வேலை முடிந்து ஜாக்கியை இறக்கும்போது முதலில் கொஞ்சம் காற்றை ஏற்றி, மடிப்பு பிஸ்டன் மேல் சரியாக உருண்டு உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே எடையை இறக்குங்கள்.